பூவை விட்டுவிட்டு அச்சடித்த சேலை

“அது பாம்பு இல்லை, அல்லித் தண்டு. வரைந்தவள் நான்தான்” என்று இன்று பஸ்ஸில் நான் சொல்லவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஏறிய கர்ப்பிணிப் பெண்ணின் நைலக்ஸ் சேலையில் இருந்தது என் ஓவியம். செம்பரம்பாக்கம் ஏரி அல்லியைப் பார்த்து, சேலை அச்சுக்காக வரைந்தது. அச்சடித்தவர்கள் சிவப்புக்குத் தனி அச்சுச் சட்டம் செய்ய வேண்டுமே என்று பூவை விட்டுவிட்டு, சுருண்ட தண்டை மட்டும் சேலை முழுக்க நெளியவிட்டிருந்தார்கள்.

அவள் பக்கத்திலிருந்த மாமியார் முந்தானையை இழுத்துப் பார்த்தார்.

“இன்னாடி இது? வாயும் வயிறுமா கீறவ பாம்பச் சுத்திக்கினு வர்றியே?”

“கொடி அத்தே. உம் புள்ள வாங்கியாந்ததுதான்.”

“அவனுக்குக் கண்ணு பொடனியிலயா கீது? கொடின்னா பூ எங்கடி?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் முந்தானையை வயிற்றிலிருந்து விலக்கிப் பிடித்தாள்.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல அத்தே?”

மாமியார் முந்தானையைச் சுருட்டி அவள் இடுப்பில் செருகினார். நாளை அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால், அந்தத் தண்டை வரைந்த கை என்னுடையது.

ஒரகடத்தில் அவர்கள் இறங்கும்வரை ஜன்னலையே பார்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் படத்தை எடுத்து, பூவை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தேன். சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

உங்களில் தைரியசாலி யாராவது வந்து பார்த்து, தண்டுதான் என்று சொல்லுங்கள்.

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.