அந்தப் பச்சை டிக்

இன்று விருத்தாசலத்தில், ஒரு பீங்கான் கம்பெனிச் சூளைக்கு நான் எழுதிக் கொடுத்த ஆப்பைச் சோதித்தேன். காலையிலிருந்து ஒரு வெப்ப அளவுகூட டேட்டாபேஸில் இல்லை. அந்த அளவுகள் இல்லாமல் சரக்கை யாரும் எடுக்க மாட்டார்கள்.

சூளை பார்க்கும் செல்வி அக்காவிடம் ஓடினேன்.

“சுவத்துல சாக்பீஸால எழுதிட்டுதான் தம்பி போன்ல ஏத்துவேன். பச்சை டிக் வந்ததும் அழிச்சிடுவேன்.”

“இன்னைக்கு?”

“எல்லாத்துக்கும் டிக் வந்துச்சே. அழிச்சிட்டேன்.”

வந்திருக்கும். அளவு போனில், அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் சேர்ந்தவுடனேயே டிக் போடும்படி எழுதியவன் நான்தான். டேட்டாபேஸ் இணைப்பு காலையிலேயே அறுந்திருக்கிறது. அறுந்தால் மறுபடி இணைத்து அனுப்பும்படி நான் எழுதவில்லை. அக்கா ஆப்பை மூடியதும் வரிசை மொத்தமும் போய்விட்டது.

நடந்ததைச் சொன்னதும், ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா கேட்டார்: “போய்ச் சேராமலே சேந்துடுச்சுன்னு ஏன் தம்பி சொல்லுது?”

போய்ச் சேர்ந்தது என்று தெரியும்வரை அழிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கென்று படித்தவன் நான்.

புரோகிராம் எழுதும் நண்பர்களே, உங்கள் டிக் எப்போது விழுகிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். நான் இன்னும் துடைத்த சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.