பெரட்டு மணி

சுங்கைப் பட்டாணிப் பக்கம், பாக்கார் ஆராங்கில் என் வீட்டுக் கார் நிற்கும் இடத்தில், செருப்புப் பலகைக்குப் பின்னால், ஒன்றரை முழத் தண்டவாளத் துண்டு ஒன்று கிடக்கிறது. என் மருமகள் இரண்டு தடவை அதைப் பழைய இரும்புக்காரனிடம் போடப் பார்த்தாள். நான் போட்ட கூச்சலில் இப்போது பக்கத்திலேயே போவதில்லை. இந்த அம்மாவுக்குத் துருப்பிடித்த இரும்பின் மேல் என்ன ஆசையோ என்று நினைத்திருப்பாள். ஆசையெல்லாம் ஒன்றுமில்லை.

அது பெரியப்பாவின் மணி. பெரியப்பா என் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். சுங்கைப் பட்டாணியிலிருந்து சிடாம் கிரி பக்கம் போகும் சாலைக்கு மண்டோர், அதாவது வேலையாட்களின் கங்காணி. இன்றைக்குத் தொழிற்சாலை பஸ்கள் பறக்கும் அந்தச் சாலை முதலில் மாட்டுவண்டித் தடமாக இருந்ததாம். தோட்டத்து ரப்பரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் அதை வெட்டி, செம்மண் கொட்டி, பிறகு கல் பரப்பித் தார் ஊற்றினார்கள். ஊற்றியவர்கள் எங்கள் ஆட்கள். தாரில் வெந்த கொப்புளத் தழும்பு இல்லாத கால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கிடையாது. பெரியப்பாவோ சாலையைத் தன் சொந்த நிலம்போல நினைத்தவர். யாராவது மாட்டை அதில் படுக்கவிட்டால் பெண் கேட்டுப் போன வீட்டில் அவமானப்பட்டவர்போலக் குதிப்பார்.

விடிந்ததும் லயத்து முற்றத்தில் தொங்கும் அந்தத் துண்டை ஓர் இரும்புக் கம்பியால் அடிப்பார். அதற்குப் பெயர் பெரட்டு. மணி கேட்டால் ஆண்கள் எல்லாரும் மண்வெட்டி, சுத்தி, கூடையோடு வரிசையில் வந்து நிற்க வேண்டும். ஒரு விதி உண்டு. காய்ச்சல் என்றாலும் வந்து முகம் காட்டி, "மண்டோரே, எனக்குச் சீக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் போய்ப் படுக்கலாம். முகம் காட்டாதவன் பெயர் ஆள் கணக்கில் அடிபட்டுப் போகும். மூன்று தடவை அடிபட்டால் லயத்து வீடும் போய்விடும். வெள்ளைக்காரன் காலத்து விதி அது. ஜித்ரா சண்டையில் அவன் தோற்று ஓடி, ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கிய பிறகும் பெரியப்பா அதை விடவில்லை. "எவன் வந்தா என்னலா, மழை பேஞ்சா ரோடு குழி விழத்தானே செய்யும்" என்பார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் இல்லாத நாட்களில், வழக்கம்போல நடக்கிற ஒரே காரியம் பெரட்டுதான்.

ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் இருக்கும். எனக்கு எட்டு வயது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஜப்பான் அதிகாரியும், அவன் பேசியதைத் தமிழில் சொல்ல ஓர் ஆளும் வந்தார்கள். வெள்ளைக்காரப் படை ஓடும்போது வெடிவைத்த ஆற்றுப்பாலத்தைச் சரிசெய்ய வேண்டும், காலையில் நாற்பது ஆட்கள் சாமான்களோடு தயாராக இருக்க வேண்டும், மத்தியானம் சோறு உண்டு என்றார்கள். சோறு என்ற சொல்லுக்கே லயம் முழுக்கப் பல் தெரிந்தது. பெரியப்பாவுக்கு இரட்டை சந்தோஷம். அந்தப் பாலம் உடைந்து கிடப்பது அவர் மானப் பிரச்சினை.

அப்பாவுக்கு நான்கு நாளாக மலேரியாக் காய்ச்சல். அம்மா விடியும் முன்பே கிழங்கு பிடுங்கப் போயிருந்தாள். மணி அடித்தபோது அப்பா அசையவே இல்லை. எனக்குப் பயமாகப் போயிற்று. பெயர் அடிபட்டால் வீடு போய்விடுமே. தோளைப் பிடித்து உலுக்கினேன். "அப்பா, பெரட்டு அடிச்சாச்சு. மூஞ்சியக் காட்டிட்டு வந்து படுத்துக்கப்பா" என்றேன். கம்பளியைப் போர்த்துக்கொண்டு எழுந்தார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

முற்றத்தில் இரண்டு லோரிகள் நின்றன. அதிகாரி தலைகளை எண்ணினான். அப்பாவோடு சேர்த்துத்தான் நாற்பது. "இவனுக்குச் சீக்கு" என்று பெரியப்பா சொல்லிப் பார்த்தார். தமிழ் பேசிய ஆள் எண்ணிக்கை குறையக்கூடாது என்றான். பெரியப்பா அப்பாவிடம் திரும்பி, "பாலந்தானே தம்பி, ரெண்டு மைலு. போய் நெழல்ல உக்காந்துக்க. மத்தியானம் சோறு வாங்கிட்டு வந்துரு" என்றார். அவரே கைகொடுத்து ஏற்றிவிட்டார். அப்பா கம்பளிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போ பாப்பா, பனி" என்றார்.

லோரிகள் கிளம்பின. பெரியப்பா வழக்கம்போலச் சைக்கிளில் பின்னால் போனார். லயத்துப் பாதை பெரிய சாலையில் சேரும் இடத்தில் இடது பக்கம் திரும்பினால் பாலம். முதல் லோரி வலது பக்கம் திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. வலது பக்கம் போனால் சுங்கைப் பட்டாணி ஸ்டேஷன்தான். முற்றத்தில் நின்ற பெண்கள் ஒருவர்கூடக் கத்தவில்லை. ஓட்டுநர் வழி தெரியாமல் திரும்பிவிட்டான், இதோ வந்துவிடுவான் என்று நாங்கள் எல்லாரும் அந்த முக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம்!

பெரியப்பா சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் வரைக்கும் மிதித்திருக்கிறார். ஜப்பான் சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். சரக்குப் பெட்டிகளின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவதைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. ஆட்களை ஏற்றிப்போனது சயாமுக்கு, ரயில் பாதை போட. உலகத்துச் சாலைகளிலேயே தனக்கு மனப்பாடமான சாலையில், தன் மணிக்கு வந்த ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றார்.

அம்மா அவர் சட்டையைப் பிடித்தாள். "எழுந்திரிக்கவே முடியாத மனுசன யாரு எழுப்புனது? சொல்லுங்க மாமா, யாரு எழுப்புனது?"

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்துவிட்டேன். பெரியப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்ததை அவர் பார்த்திருந்தார்.

"நான்தான் ஆளு விட்டு எழுப்புனேன்" என்றார்.

அம்மா சட்டையைப் பிடித்த கையாலேயே அவரை அறைந்தாள். சாகும் வரை அவரோடு பேசவில்லை. ஜப்பான்காரன் சண்டை முடிந்து மூன்று பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அப்பா வரவில்லை. பெரியப்பா அன்றைக்கே மணியை அவிழ்த்தவர்தான், பிறகு மாட்டவே இல்லை. எதிரே வந்தால் லயத்துப் பெண்கள் காறித் துப்புவார்கள். அவர் பாட்டுக்குக் குழி அடைக்கப் போவார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எட்டு வயதில் சொல்லாதது சரி, முப்பது வயதில் ஏன் சொல்லவில்லை? கோழைத்தனம்தான். அம்மாவின் கண்ணில் நான் பிள்ளையாகவே இருந்துவிடப் பார்த்தேன். பெரியப்பா இறந்த பிறகு அவர் சாமான்களில் எனக்கென்று கேட்டு வாங்கியது இந்தத் துண்டு ஒன்றைத்தான்.

போன வாரம் வீட்டில் யாரும் இல்லை. என்ன தோன்றியதோ, அதை வெளியே இழுத்து, வாசல் கேட் கம்பியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். ஓர் இரும்புக் கம்பியை எடுத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். எத்தனையோ வருஷம் கழித்தும் அதே சத்தம். கம்பியைக் கீழே போட்டேன். என்னை அறியாமல் உள்ளே திரும்பி, அறை வாசல் வரைக்கும் போய்விட்டேன், அப்பாவை எழுப்ப.