பேனா முனையில் பல் தடம்

கோவை கோட்டைமேட்டில் சாஜிதா பேகத்தின் வீட்டு அலமாரியில் துணிமணியைவிடப் பேனாக்கள்தான் அதிகம். எல்லாம் மை ஊற்றி எழுதும் பழைய பேனாக்கள். முக்கால்வாசி அவளைவிட வயதில் மூத்தவை. அவளுக்கு ஐம்பத்திரண்டு. ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. மாற்றுச் சான்றிதழ் எழுதுவது அவள் பொறுப்பு. கம்ப்யூட்டர் வந்த பிறகும், பிள்ளையின் பெயரை மட்டும் கையால்தான் எழுதுவேன் என்று ஹெட்மாஸ்டரிடம் பிடிவாதம் பிடித்து அனுமதி வாங்கியிருந்தாள். ஒரு பெயரைக்கூட அவள் தப்பாக எழுதியதில்லை.

பழுது பார்க்கவும் அவளாகவே பழகிக்கொண்டாள். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் வளைந்தும் நெளிந்தும் கிடந்தவற்றை அள்ளிவந்து, நாலைந்தைக் கெடுத்து, அப்புறம்தான் கை வந்தது. ஊரில் பேனா சேர்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் யாருடைய பேனா கெட்டுப்போனாலும், "கோட்டைமேட்டு அக்காகிட்டக் குடுங்க" என்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன ஆடி மாதம் காளிச்சாமி வந்தார். பவானிப் பக்கம் மஞ்சள் வெள்ளாமை செய்கிறவர். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருந்தார். கைக்குட்டையைப் பிரித்து, பச்சைக் கோடுகள் ஓடிய செல்லுலாய்டு பேனா ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"எங்கப்பன் பேனாங்கம்மா. அப்பறம் எம்பட புள்ளை எடுத்துக்கிச்சு. புவனான்னு பேரு. பரீட்சை அத்தனையும் இதுலதான் எழுதுச்சு. இப்ப அது இல்லீங்க. காய்ச்சல்ல போயி ஆறு வருசமாச்சு."

சாஜிதா பேனாவைக் கையில் எடுத்தாள். கழுத்தில் மை கசிந்து காய்ந்திருந்தது.

"ஊட்ல புள்ளையோட அம்மா பாப்பாயி, ராமஜெயம் எழுதறாப்ல, தெனமும் ஒரு பக்கம் புள்ளை பேரை இதுல எழுதுவாங்க. இப்ப கையெல்லாம் மை ஒழுகுது. அதான்."

பேனாவின் பின்முனையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. அவள் அதைப் பார்ப்பதைக் கண்டு காளிச்சாமி சிரித்தார். "பல்லுத் தடமுங்க. யோசன பண்றப்ப கடிக்கும். எத்தனை வஞ்சாலும் கேக்காது."

"பத்தே நாள்ல சரி பண்ணித் தாரேனுங்கண்ணா" என்றாள் சாஜிதா.

அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். இறுகிப்போன கழுத்தைக் கழற்ற, முடி காயவைக்கும் கருவியால் லேசாகச் சூடு காட்ட வேண்டும். லேசாகத்தான். செல்லுலாய்டு சூடு தாங்காது என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஒரு நிமிடம் காட்டினாள். போன் அடித்தது. ஏதோ சான்றிதழ் சமாச்சாரம். கருவியை அணைக்காமல் பேனாவின் பக்கத்திலேயே மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். பேசி முடித்துத் திரும்பியபோது பேனாவின் உடம்பு வாழைப்பழம்போல வளைந்து, மரை இருந்த இடத்தில் பிளந்து கிடந்தது. பல் தடம் இருந்த முனை சுருங்கி, தடமே தெரியவில்லை.

கணவர் ரசாக் மூக்குக்கண்ணாடி கடை வைத்திருப்பவர். வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்ளதைச் சொல்லிப்போடு சாஜி. மனுசன் புரிஞ்சுக்குவாரு" என்றார்.

"எப்படிங்க சொல்றது? செத்துப்போன புள்ளையோடதுங்க."

அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. அவள் விசாரிக்காத இடமில்லை. கடைசியில் ஈரோட்டில் ஒரு பழைய ஸ்டேஷனரி கடையில், விற்காமல் கிடந்த அதே கம்பெனி, அதே பச்சைக் கோட்டுப் பேனா கிடைத்தது. புவனாவின் நிப்பைக் கழற்றி அதில் பொருத்தினாள். மை ஒழுகவில்லை. அச்சு அசலாக இருந்தது, பின்முனையைத் தவிர.

இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பேனாவை வாயில் வைத்துக் கடித்தாள். பல் கூசியது. செல்லுலாய்டில் கலந்திருக்கும் கற்பூரத்தின் வாசனை வாயெல்லாம். சரியாகப் பதியவில்லை. மறுபடி கடித்தாள், தள்ளித் தள்ளி, ஐந்து இடத்தில். பிறகு வாய் கொப்பளித்தாள்.

காளிச்சாமி வந்து வாங்கியதும் முதலில் எழுதிப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் பின்முனையைத் தடவினார். "அப்படியே இருக்குதுங்கம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. காட்டில் விளைந்த மஞ்சள் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். அவர் போன பிறகு சாஜிதா அந்தப் பையை அவிழ்க்கவேயில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் ஓடவில்லை. தொழுகையில் நின்றால் ஓதியது மறந்துபோனது. பள்ளியில் ஒரு சான்றிதழில் நிலோஃபர் என்பதற்குப் பதில் புவனா என்று எழுதிவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு மாதம் கழித்துக் காளிச்சாமி போன் செய்தார். "பாப்பாயி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. எழுதி முடிச்சா அந்தப் பல்லுத் தடத்தைக் கன்னத்துல வெச்சுக்கறாங்க தெனமும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, உடைந்த பேனாவின் உடம்பை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு ரசாக்கோடு பவானிக்குப் பஸ் ஏறினாள்.

காளிச்சாமி வீட்டில் அன்பாகத்தான் வரவேற்றார்கள். பாப்பாயி பேனாவையும் நோட்டையும் எடுத்துவந்து காட்டினாள். பக்கம் பக்கமாக ஒரே பெயர். சாஜிதா உட்காரவில்லை. நின்றபடியே, சூடு காட்டியது, போன் வந்தது, ஈரோட்டில் வாங்கியது எல்லாவற்றையும் சொன்னாள். துணியைப் பிரித்துக் காட்டினாள்.

பாப்பாயி கையிலிருந்த பேனாவைத் திருப்பிப் பின்முனையைத் தடவினாள். பிறகு கேட்டாள்: "அப்ப இந்தப் பல்லு யாருதுங்க?"

"என்னோடதுங்க."

பாப்பாயி சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

காளிச்சாமிதான் பேசினார். "ஒடஞ்சதுக்கு நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டமுங்க. கை தவறறது எல்லார்த்துக்கும் நடக்கறதுதான். கடிச்சது எதுக்குங்கம்மா?"

"நிப்பு மட்டும் புவனாவோடதுதாங்க" என்றாள் சாஜிதா.

"அதைக் கழட்டிக் குடுங்க" என்றாள் பாப்பாயி.

சாஜிதா அங்கேயே கழற்றிக் கொடுத்தாள். பாப்பாயி நிப்பையும் உடைந்த உடம்பையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. காளிச்சாமி பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். பஸ் வந்ததும், "பாத்துப் போங்க" என்றார்.

கோவை வந்ததும் நடந்ததை ஒரு வரி விடாமல் குழுவில் எழுதினாள். கையிலிருந்த மற்றவர்களின் பேனாக்களைத் திருப்பிக் கொடுத்தாள். சிலர், இதைப் போய் இவ்வளவு பெரிதாக்கணுமா என்று போன் செய்தார்கள். ஒருவர் மட்டும், தன் பேனாவையும் மாற்றினாளா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

தீபாவளி கழிந்து ஒரு நாள் தயங்கித் தயங்கிக் காளிச்சாமிக்குப் போன் போட்டாள். அவர் மரியாதையாகவே பேசினார். மழை, மஞ்சள், உடம்பு எல்லாம் விசாரித்தார்.

"அக்கா எழுதறாங்களாங்கண்ணா?"

"எழுதறாங்க. இப்ப பென்சில்லதானுங்க."

"சரிங்கண்ணா" என்றாள் சாஜிதா. அவர் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள்.