எல்மாவின் குளியலறைத் தரை

ரெய்னோ காங்கஸ் ஒரு சுத்தப் பைத்தியம். அந்த ஏரிக்கரை ஊரில் பாதி வீடுகளுக்குத் தரை போட்டவன். வேலையில் ஒரு பிசிறு இருக்காது. அந்தச் சுத்தம்தான் அவன் குடியைக் கெடுத்தது.

கமோடு வைத்ததும் அதன் அடியைச் சுற்றிப் பசை பூசுவார்கள். பின்பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுவிடுவார்கள். உள்ளே கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். ஊரார் வீடுகளில் ரெய்னோவும் அப்படித்தான் செய்வான். சொந்த வீட்டில் மட்டும் அந்த இடைவெளி அவன் கண்ணை உறுத்தியது. முழுக்கப் பூசி அழகு பார்த்தான். அப்புறம் கசிந்த தண்ணீர் எங்கே போகும்? வெளியே தெரியாமல் அடியிலிருந்த மரத்தைத் தின்றது.

"ரெய்னோ, தரை அமுங்குது" என்று மனைவி எல்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று அவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். ஊர்க்காரன் கூப்பிட்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவான். கட்டினவள் சொன்னால் மட்டும் காது கேட்காது. பனிக்காலத்தில் ஒருநாள் பலகை உடைந்து எல்மாவின் கால் உள்ளே இறங்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கை ஹில்டா வீட்டுக்குப் போய்விட்டாள். "முதல்ல அந்தத் தரையைச் சரிபண்ணு, வர்றதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பனி உருகத் தொடங்கியதும் எல்மாவின் அண்ணன் ஆர்னி ஒத்தாசைக்கு வந்தான். கமோடைத் தூக்கி வைத்தவன் வாய்விட்டே கத்தினான்.

"அடப்பாவி! சுத்திவர அடைச்சு வச்சிருக்கான் பாரு மச்சான். எந்தக் கிறுக்கன் பார்த்த வேலை இது?"

"நான்தான்."

ஆர்னி குனிந்து தரைப் பலகையைப் பிடித்து இழுத்தான்.

ஊறிப்போன பலகை கையோடு பிய்ந்து வந்தது. தாங்கும் சட்டங்களுக்கு நடுவே கீழே எல்மாவின் ஒரு செருப்பு கிடந்தது. ரெய்னோ அதை எடுத்துத் துடைத்து ஜன்னலில் வைத்தான். அழுகை வரவேண்டிய இடம்தான். வரவில்லை. அவள் போனதிலிருந்தே அவனுக்கு எதுவும் வருவதில்லை. பசி வருவதில்லை, கோபம்கூட வருவதில்லை.

கெட்ட மரத்தை நல்ல மரம் தட்டுப்படும்வரை வெட்டி எடுத்தார்கள். இற்றுப்போன சட்டங்களுக்குப் பக்கத்துணையாகப் புதுச் சட்டம் சேர்த்தார்கள். மேலே தடித்த பிளைவுட், பலகைக்கும் பலகைக்கும் நடுவே, மரம் ஈரத்தில் உப்பினால் இடம் கொடுக்க மெல்லிய சந்து. ரெய்னோ அதன்மேல் ஏறிக் குதித்தான். சின்ன முனகல்கூட இல்லை.

"யானை வந்து குளிச்சாலும் அசையாது" என்றான் ஆர்னி. "போன் போடுடா. அவகிட்டச் சொல்லு."

"டைல்ஸுக்கு அடியில போடுற சிமெண்ட் பலகையும் போட்டுடலாம்."

சாந்து குழைத்துப் பிளைவுட்டின்மேல் இழுத்து, சிமெண்ட் பலகைகளைப் பதித்துத் திருகாணி முடுக்கினார்கள். கடைசிப் பலகை மட்டும் பாக்கி. அதற்குமேல் ஆர்னிக்குப் பொறுக்கவில்லை. அவனே எல்மாவைக் கூப்பிட்டு, போனை ரெய்னோவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"எல்மா, தரை முடிஞ்ச மாதிரிதான். டைல்ஸ் மட்டும் வாங்கல. நீ வந்து பார்த்து எடுப்பேன்னு விட்டிருக்கேன்."



"காலையில இங்க குழாய் சொட்டுதுன்னு சொன்னேன், ரெய்னோ. மத்தியானத்துக்குள்ள ஹில்டா ஆளைக் கூட்டிட்டு வந்துட்டா."

"ம்."

"நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒருத்தர் எழுந்து போனாங்க. அதைப் பார்த்துட்டு உட்கார்ந்து அழுதேன்."

"எல்மா…"

"நான் வரலை. உன்மேல கோபமெல்லாம் இல்ல. உனக்குப் பிடிச்ச டைல்ஸையே போட்டுக்கோ."

ஆர்னி போனை அணைத்துப் பைக்குள் போட்டான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்தான்.

"சாந்து இறுகுது" என்றான் ரெய்னோ. "அந்தப் பலகையை இப்படிக் கொடு."