மேரிறோஸ் கையில் ஒரு கஸ்டட் டார்ட்

தன் நாக்குக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்ட ஒருத்தி, ஆசைப்பட்டதை அனுபவிப்பது பற்றிப் பிறருக்குப் பாடம் சொல்ல முடியுமா? மேரிறோஸை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இராது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு தேவாலய மண்டபத்தில், ஹொங்கொங்கிலிருந்து வந்த சீனர்களுக்கு அவர் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்தார். மாணவர்கள் அநேகமாக உணவுக்கடைச் சமையலாட்கள். இலங்கையில், மன்னாரிலும் அவர் ஆசிரியைதான். அபாரமான ஆசிரியை என்று சொல்லிவிட முடியாது. வேகமாகப் பேசுவார், பிள்ளைகள் எழுதி முடிக்கும் முன்பே பலகையை அழித்துவிடுவார். ஆனாலும் பகலெல்லாம் ஹோட்டல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றும் அவரை, லண்டனில் 'டீச்சர்' என்று கூப்பிட்ட இடம் அது ஒன்றுதான்.

அவர் இனிப்புத் தின்பதில்லை. தம்பி முத்து மன்னாரில் காணாமற்போன கிழமை மடுக்கோயில் மாதாவுக்கு வைத்த நேர்த்தி அது. அவனுடைய சேதி வரும்வரை இனிப்பு வாயில் படாது. சேதி வரவில்லை. நாளாக நாளாக நேர்த்தி பயமாகிவிட்டது. தவறி ஒரு துளி சீனி உள்ளே போனாலும், எங்கோ உயிரோடிருக்கும் அவனுக்கு அந்தக் கணமே ஏதும் நடந்துவிடும் என்று நம்பினார்.

அன்று வகுப்பைப் பார்க்க மேற்பார்வையாளர் ஒருவர் வருவதாக இருந்தது. வகுப்பு தொடர்வதும் நிற்பதும் அந்த அம்மையார் சொல்வதைப் பொறுத்தது. பாடமோ, 'ட்ரீட்' என்ற ஆங்கிலச் சொல்: ஆசைக்கு ஒன்று வாங்கிச் சாப்பிடுவதும், பிறருக்கு வாங்கிக் கொடுத்துச் செல்லம் கொடுப்பதும். காரில் கொண்டுவந்து விட்ட கணவர் பெனடிக்ற் சிரித்தார்.

"சீன ஆக்களுக்கு இங்கிலிசில இனிப்புத் தின்னப் படிப்பிக்கிறீராம். நீர் சீனியே தொடமாட்டீர்!"

"பகிடியை விடுங்கோ."

மேற்பார்வையாளர் பின்வரிசையில் அமர்ந்தார். மாணவர்கள் இருவர் இருவராக நடித்துக் காட்டினார்கள். "இன்று என் செலவு, கேக் எடு" என்றார் ஒருவர். "வேண்டாம், வேண்டாம்" என்றார் மற்றவர். அடுத்த இருவரும் அப்படியே. மேரிறோஸுக்கு அதில் பிழை எதுவும் தெரியவில்லை. கேட்டவுடனே கை நீட்டினால் ஆலாய்ப் பறக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். மூன்று தரம் மறுப்பதுதானே மரியாதை? ஆசிரியையும் மாணவர்களும் இந்த விடயத்தில் ஒரே ஊர்க்காரர்.

பின்வரிசைப் பேனா ஓடிக்கொண்டேயிருந்தது.

அப்போது வயதான திருமதி வொங் எழுந்து, தான் சுட்ட, முட்டைப்பாகு நிறைத்த இனிப்பான கஸ்டட் டார்ட் பெட்டியை நீட்டினார். "டீச்சர், இன்று நான் உங்களுக்கு ட்ரீட் கொடுக்கிறேன்." புதிதாகப் படித்த சொல்லை அவர் பிழையில்லாமல் சொன்னார்.

"இல்லை, நன்றி" என்றார் மேரிறோஸ். இரண்டாம் தரமும் சொன்னார். மூன்றாம் தரம் தலையை மட்டும் ஆட்டினார். மூன்று மறுப்பும் முடிந்தது என்று எடுத்துக்கொண்ட திருமதி வொங், ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். வகுப்பே டீச்சரின் வாயைப் பார்த்தது. மேற்பார்வையாளரும் பார்த்தார். மேரிறோஸ் அதைப் பிடித்தபடியே பாடத்தை நடத்தி முடித்தார். இளஞ்சூடான மாவு விரலோடு ஒட்டியது.

"பேசுகிறார்கள், அதுவே நல்லது" என்றார் மேற்பார்வையாளர் போகும்போது. "வகுப்பு தொடரட்டும். ஆனால் ஒரு மணி நேரமாக இங்கே ஒருவர்கூட எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கவனித்தீர்களா? நீங்களும்தான்."

எல்லோரும் போனபின் பெனடிக்ற் உள்ளே வந்தார்.

"என்ன சொன்னவை?"

"வகுப்பு நடக்கும்."

"பிறகென்ன, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு? கையில என்ன?" நேர்த்தி அவருக்குத் தெரியும். குரலைத் தணித்தார். "தாரும், எறிஞ்சு விடுறன்."

"வேண்டாம். பொறுங்கோ."

இனி அதைத் தின்ன வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பார்ப்பதற்கும் ஆளில்லை. மேரிறோஸ் ஒரு மாணவனின் கதிரையில் அமர்ந்து, நெற்றியில் சிலுவை போட்டு, அந்த டார்ட்டைக் கடித்தார். அவசரமில்லாமல், ஓரத்துத் தூள்வரை தின்றார்.

"றோஸ்," என்றார் பெனடிக்ற், "முத்துவைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனீரோ?"

"இல்லை. இனி வராது."

விரலில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு, மேரிறோஸ் பலகையை அழிக்க எழுந்தார்.