மெதுவாகப் பேசச் சொல்லுங்கள்

குடும்பச் சமூகப்பணி ஆய்வு மையத்தில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்ட் அக்கா. முன்பெல்லாம் பேட்டிப் பதிவைக் கேட்டு, கேள்வியையும் பதிலையும் அடித்தால் போதும். இப்போது ஆய்வின் போக்கே மாறிவிட்டது. குடும்பங்களின் சாப்பாட்டு மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிடுகிறார்கள். அடிக்கும்போது சிரிப்பு, சண்டை, கரண்டிச் சத்தம் எதையும் விடக்கூடாதாம். பாழாய்ப்போன போக்கு! வேலை வீடுவரை வந்துவிட்டது.

வீட்டில் அவள் ஒருத்திதான். பதிவை ஓடவிட்டபடியே சாப்பிடப் பழகினாள். அடித்து முடித்த பதிவுகளையும் ஓடவிட்டாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க. குழந்தை தூங்க மாட்டேங்குது.”

“சொல்றேம்மா.”

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கணினிக்குள் யாரோ ஒருவர் உப்பில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்.

“காதுல விழுந்துச்சாங்க?” என்று அவரிடம் கேட்டாள்.