மீன்பிடிகாரரும் மூன்றாவது முறைப்பாடும்

நின்றுகொண்டே கதைத்துச் சம்பளம் வாங்குகிற தொழிலில் முதலில் போவது கால், அடுத்தது தொண்டை, கடைசியாகப் போவது சொந்த அபிப்பிராயம். கடை வாசலிலும் வகுப்பறையிலும் வரவேற்பு மேசையிலும் நின்று தேய்கிறவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

2003ஆம் ஆண்டு வசந்தகாலம். ஜெர்மனியில் ரூர் பக்கத்தில் ஒரு சிறிய நூதனசாலையில் எனக்கு வழிகாட்டி வேலை கிடைத்தது. விடுதலை பெற்ற புதிதில் அமெரிக்கா மற்ற நாடுகளோடு எப்படி உறவு வைத்துக்கொண்டது என்று காட்டும் கண்காட்சி அது. பழைய ஒப்பந்தங்களின் பிரதிகள், தூதர்களின் கடிதங்கள், அரக்கு முத்திரைகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தன. கண்காட்சி திறந்த அதே மாதம் ஈராக்கில் யுத்தம் தொடங்கியது. வந்தவர்கள் இருநூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்காவைப் பார்க்க டிக்கெட் வாங்கி, அன்று காலைப் பேப்பரில் வந்த அமெரிக்காவோடு சண்டை பிடித்தார்கள்.

மூன்று சட்டங்கள்

எங்கள் நிர்வாகி ஃப்ராவ் லிண்ட்னர். ஃப்ராவ் என்றால் திருமதி. சிரிப்பதற்கும் யாராவது கையெழுத்துப் போட்ட அனுமதி வேண்டும் என்று நினைப்பவர் போல இருப்பார். முதல் நாளே மூன்று சட்டங்கள் சொன்னார். பலகையில் எழுதியிருப்பதை மட்டும் சொல்லவேண்டும். பார்வையாளரிடம் ஒரு பொருளும் வாங்கக்கூடாது. விருந்தினர் புத்தகத்தில் என்மேல் மூன்று முறைப்பாடுகள் வந்தால், மூன்றுமாதத் தகுதிகாண் காலம் அன்றோடு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

வீடு என்பதுதான் எனக்குச் சிக்கல். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இங்கே சரித்திரம் படித்து முடித்தும், என் விசா வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற விசாவாகவே இருந்தது. நிரந்தர அனுமதிக்குப் போட்ட அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரே ஒரு கடதாசிக்காகக் காத்துக் கிடந்தது. நிரந்தர வேலை ஒப்பந்தம் என்கிற கடதாசி. அந்த மூன்றுமாதத்தைத் தாண்டினால்தான் நூதனசாலை அதைத் தரும். அந்த அலுவலர் கோப்பை மூடிக்கொண்டு சொன்னது: "ஒப்பந்தத்தோடு வாருங்கள், இல்லாவிட்டால் வராதீர்கள்."

இரண்டு பக்கமும் அடி

மூன்றாவது பெட்டியில், முதல் ஜனாதிபதி பதவி விட்டுப் போகும்போது தன் மக்களுக்குச் சொன்ன புத்திமதி இருந்தது. வேற்று நாடுகளோடு நிரந்தரக் கூட்டு வைத்துக்கொள்ளாதீர்கள் என்பது அதன் சாரம். அதைச் சொல்லி முடிக்கமுதல் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், "அப்படியென்றால் பாக்தாத்தில் என்ன செய்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார், நான்தான் படை அனுப்பியது போல. "பலகையில் இவ்வளவுதான் இருக்கிறது" என்றேன். அவர் புத்தகத்தில் எழுதினார்: வழிகாட்டி கோழை, அமெரிக்காவுக்குப் பயந்து மழுப்புகிறார்.

நான்கு நாள் கழித்து ஒரு பெண்மணி. அவருடைய கணவர் அமெரிக்காவைத் திட்டியபோது நான் தலையாட்டினேனாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன், அது எங்கள் ஊர்ப் பழக்கம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். அவருக்கு அது எங்கே தெரியும்? வழிகாட்டி அமெரிக்காவுக்கு எதிரி என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டுப் போனார். நடுநிலை என்று அறிவித்த புதுத் தேசத்தின் கப்பல்களை இங்கிலாந்தும் பிடித்தது, பிரான்சும் பிடித்தது என்று அடுத்த பெட்டியில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்றுதான் அந்தக் கப்பல்காரரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிந்தது. ஃப்ராவ் லிண்ட்னர் இரண்டு பக்கங்களிலும் மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ஒன்று."

தபாலில் வந்த சிநேகம்

அமெரிக்காவும், ஜெர்மனிக்கு முந்தைய இராச்சியமான பிரஷ்யாவும் செய்த முதல் ஒப்பந்தம்தான் எங்கள் கண்காட்சியின் நடுநாயகம். கையெழுத்துப் போட்டவர்கள் ஒரே மேசையில் இருக்கவேயில்லை. ஒருவர் லண்டனில், இருவர் பாரிஸ் பக்கம், பிரஷ்யத் தூதர் ஹாலந்தில். கடதாசி ஊர் ஊராகப் பயணம் செய்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கியது.

இதைச் சொன்னபோது ஒரு தாத்தா மட்டும் பெட்டியை விட்டு நகரவேயில்லை. மூன்றாவது முறைப்பாடு பிறக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்: "எங்கள் மாடிக்குடியிருப்புக் கூட்டத்தையும் இப்படி நடத்தினால் உட்காரும் கதிரை ஒன்றும் உடையாது."

வைரப் பெட்டிக்கு அனுமதி

பிரெஞ்சு அரசன் அமெரிக்கத் தூதருக்குத் தன் படம் வைத்து வைரம் பதித்த ஒரு சின்னப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தான். வேண்டாம் என்றால் அரசனுக்கு அவமானம், வாங்கினால் ஊரில் சந்தேகம். அதனால் காங்கிரசிடம், அதாவது தன் நாட்டுப் பாராளுமன்றத்திடம், அனுமதி கேட்டுத்தான் அதை வைத்துக்கொள்ள முடிந்தது. இந்தக் கதையை நான் பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனிலிருந்து வந்த எங்கள் தமிழ்ப் பெண்கள் குழுவுக்குத் தமிழில் சொல்லி முடிக்க, தலைவி மேரி அக்கா தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தா. உள்ளே நாற்பது மீன் ரோல்ஸ்.

"ஏலாது அக்கா, இஞ்சை ஒண்டும் வாங்கக்கூடாது" என்றேன். "ஒரு இடத்துக்கு வெறுங்கையோடை வாறதோ பிள்ளை? பிடி" என்று என் கையில் திணித்தா. திருப்பிக் கொடுத்தால் அவ ஆயுளுக்கும் கதைக்கமாட்டா. வைத்திருந்தால் இரண்டாவது சட்டம் போச்சு. டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, ஃப்ராவ் லிண்ட்னரின் மேசையில் வைத்து அனுமதி கேட்டேன். அவர் மூடியைத் திறந்து, மோந்து, "இங்கேயே இருக்கட்டும்" என்றார். கால்மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. வெளியே பஸ் காத்துக்கொண்டு நிற்க, மேரி அக்கா படியடியில் வந்து கேட்டா: "உங்கட காங்கிரஸ் சாப்பிட்டு முடிச்சிட்டுதோ எண்டு கேளுங்கோ, எனக்கு டப்பா வேணும்."

பலகையில் இல்லாதது

அடுத்த கிழமை மேரி அக்காவின் கணவர் சூசை அண்ணை தனியாக வந்தார். மன்னாரில் மீன்பிடித்தவர், இங்கே ரொட்டி சுடும் வெதுப்பகத்தில் வேலை. பிரஷ்ய ஒப்பந்தத்தின் முன்னால் நின்று, "இதிலை என்ன கிடக்கு பிள்ளை?" என்றார். தமிழில் சொன்னேன். இரண்டு நாட்டுக்கும் யுத்தம் வந்தாலும் பெண்களையும் பிள்ளைகளையும் படிக்கிறவர்களையும் வயலில் கமம் செய்கிறவர்களையும் ஆயுதமில்லாத மீன்பிடிகாரரையும் தொடக்கூடாது. அவர்கள் தங்கள் தொழிலைத் தொடர விடவேண்டும்.

"மீன்பிடிகாரரையும் போட்டிருக்கோ?"

"ஓம் அண்ணை."

அவர் கண்ணாடியில் விரலை வைத்தார். தொடக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "என்ரை தம்பி சண்டை நேரம் கடலுக்குப் போனவன். வலையும் வரேல்லை, அவனும் வரேல்லை" என்றார். பிறகு, "இதை எழுதினவை இதின்படி நடந்தவையோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். அந்த ஒப்பந்தம் உயிரோடு இருந்த காலத்தில் அந்த இரண்டு நாடும் சண்டையே பிடிக்கவில்லை. அந்த வாக்கைச் சோதித்துப் பார்க்க ஒரு மீன்பிடிகாரனுக்கும் வாய்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் எட்டு ஜெர்மன்காரர் காத்து நின்றார்கள், புத்தகத்தில் இரண்டு மஞ்சள் தாள் இருந்தது, இன்னும் காக்கவைத்தால் மூன்றாவது வரும். "அது பலகையிலை இல்லை அண்ணை" என்றேன். சொன்ன உடனேயே வெட்கமாக இருந்தது. அவர் என்னைக் கோபிக்கவில்லை, அதுதான் கூடச் சுட்டது. "சரி, நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

வெள்ளிக்கிழமை

ஃப்ராவ் லிண்ட்னர் வெள்ளிக்கிழமைகளில்தான் புத்தகத்தைப் படிப்பார். அன்று என்னை மேலே கூப்பிட்டு, ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முழுப்பக்கம் தமிழ். "இது என்ன மொழி? முறைப்பாடா?" அந்தக் கட்டடத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். சூசை அண்ணையின் கையெழுத்து: 'பிள்ளை வடிவாய்க் கதைச்சது. ஆனால் நான் கேட்ட ஒரு கேள்விக்கு, தெரிஞ்சும் பதில் சொல்லேல்லை. இந்தக் கடதாசி ஒரு மீன்பிடிகாரனையாவது காப்பாத்தினதோ?'

முதல் வரியோடு நிறுத்தியிருக்கலாம். "அழகாகப் பேசினார்" என்று சொல்லிவிட்டு, மூன்றுமாதம் முடிய வேலை ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு நேரே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். நாக்கு நுனிவரை அந்தப் பொய் வந்தது. ஆனால் அந்த மனிசனை ஒருதரம் ஏமாற்றியாயிற்று. இரண்டாந்தரம் அவருடைய எழுத்தை வைத்தே ஏமாற்ற மனம் இடம் தரவில்லை. கதிரையில் உட்கார்ந்து அதன் பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். தெரிஞ்சும் என்ற சொல்லையும் சொன்னேன். அவருடைய தம்பியைப் பற்றியும், நான் ஏன் பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஃப்ராவ் லிண்ட்னர் மஞ்சள் தாள் ஒன்றைக் கிழித்து அந்தப் பக்கத்தில் ஒட்டப்போனார். பிறகு தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "இது முறைப்பாடுதான், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்மேல், அதற்கு எங்கள் அலுவலகம் பொறுப்பல்ல. நீங்கள் திங்கட்கிழமை முதல் அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதி, பதிலையும் சொல்லுங்கள்."

நிரந்தர வேலை ஒப்பந்தம் கைக்கு வந்த அன்று நான் கற்றுக்கொண்ட ராஜதந்திரம் இவ்வளவுதான்: உண்மையைச் சொல்லப்போகிறவர் முதலில் ஒரு நல்ல கதிரையாகப் பார்த்து உட்காரவேண்டும்.